நாற்பத்தொன்றாம் பெயர்

9 நவம்பர் 1959. திருப்பதி.

மழை. மூன்று நாளாக மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் இல்லை. வடக்கு ஜன்னலில் வானம் கழுநீர் நிறத்தில் நிற்கிறது. வெள்ளணுக்கள் எல்லாம் ஒரே அழுக்கு ஊதா. எதையும் எண்ணவில்லை.

மூட்டு வலி என்று இன்று பதினாறு பேர். பாதிப் பேர் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள். அவர்களுக்கு ஓய்வு போதும். எனக்கு வேண்டியவர்கள் மற்றவர்கள். காரணமே இல்லாமல் மூட்டு வீங்குகிறவர்கள். பல்கலைக்கழகம் எனக்கு ஆராய்ச்சி வேலையும், இந்த ஆஸ்பத்திரியில் ஒரு மேஜையும், 'மூட்டு நோய்களில் வெள்ளணுக்கள்' என்று ஒரு தலைப்பும் கொடுத்திருக்கிறது. ஒன்பது மாதம் ஆயிற்று. நோட்டு நிறைய எண்கள். ஒரு வாக்கியம் இல்லை.

12 நவம்பர்

ரத்னம்மா. இருபத்திரண்டு வயது. சத்தியவேட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமம். அண்ணன் கூட்டி வந்தான். கூட்டி வந்தவனே இரண்டு ஆள் தூரம் தள்ளி நின்றான்.

கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். காட்டச் சொன்னேன். மூட்டுகள் வீங்கி, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவந்த தடிப்பு. முடி கொட்டியிருக்கிறது. ஜுரம் நூற்றொன்று.

"எப்போதிலிருந்து?"

"பாப்பா பொறந்ததிலருந்து. அதுக்கு இப்போ நாலு வயசு."

"வெயிலில் போனால்?"

"மூஞ்சி எரியும். களை எடுக்கப் போனா அன்னிக்கே ஜொரம். சும்மா குந்திக்கினு துன்றேன்னு மாமியா ஏசும். மூஞ்சி செவந்த பெறகு அதையும் நிறுத்திடுச்சு."

"ஏசுவதையா?"

"பேசறதையே."

அவள் எழுந்து போனதும் லேப் டெக்னீஷியன் பாலசுந்தரம் அந்த நாற்காலியை வெளியே தூக்கிப்போய் பினாயில் போட்டுக் கழுவினார். ஏன் என்று கேட்டேன்.

"சூஸ்தே தெலியதா டாக்டரம்மா? மூஞ்சியப் பாருங்க, வெரலப் பாருங்க. பெருவியாதி."

பார்த்தாலே தொழுநோய் என்று தெரியுமாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

படுக்கை கொடுத்தேன். பெண்கள் வார்டு ஒப்பவில்லை. வராந்தாவின் கடைசியில் போட்டார்கள்.

3 டிசம்பர்

சென்னையில் படிக்கும்போது ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் பார்த்த படம் மூன்று வாரமாகத் துரத்துகிறது. லூபஸ் என்று ஒரு நோய். உடம்பின் காவல் உடம்பின் மேலேயே திரும்புவது. மூட்டு வீங்கும், கன்னம் சிவக்கும், வெயில் ஆகாது. அந்த நோயாளியின் ரத்தத்தில், ஒரு வெள்ளணு இன்னொரு அணுவின் உட்கருவை முழுசாக விழுங்கிவிட்டு நிற்கும். அதற்கு எல்.இ. செல் என்று பெயர்.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. ரத்தம் எடுத்து உறையவிட வேண்டும். உறைந்ததை உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, சல்லடையில் நசுக்கி, சுழற்றி, மேலே மிதக்கும் வெள்ளணுப் படலத்தை மட்டும் எடுத்து ஸ்லைடில் தீட்டிச் சாயம் போட வேண்டும்.

சல்லடைக்கு கடைத்தெருவில் டீ வடிகட்டி வாங்கினேன். இன்குபேட்டர் பழுது. டிசம்பர் குளிர். ரத்தம் இருந்த இரண்டு குழாய்களைத் துணியில் சுற்றி இடுப்பில், புடவைக்குள், கட்டிக்கொண்டேன். அப்படியே வெளி நோயாளிகளைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது. என் சூட்டில் அவள் ரத்தம்.

பாலசுந்தரத்துக்குத் தெரிந்தபோது தன் ஸ்டூலை என் மேஜையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

21 டிசம்பர்

ஏழாவது முயற்சி. வெயில் நன்றாக இருந்தது.

காலை 10.40. இருக்கிறது.

வழவழவென்று ஒரு ஊதா உருண்டை. உள்ளே கோடு இல்லை, புள்ளி இல்லை. அதை விழுங்கிய அணுவின் சொந்த உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பிறை போல ஒடுங்கியிருக்கிறது. தன் வீட்டிலேயே மூலையில் நிற்கிற ஆள் போல.

ஐந்நூறு அணுக்களில் நான்கு.

நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் போய்விடுமோ என்று பயம். பிறகு வராந்தாவுக்கு ஓடினேன். "உனக்குப் பெருவியாதி இல்லை" என்றேன். ரத்னம்மா என்னையே பார்த்தாள்.

"எழுதிக் குடுப்பியா?" என்றாள்.

6 ஜனவரி 1960

ப்ரெட்னிசலோன் மாத்திரை வேலை செய்கிறது. விரல்கள் பாதி நிமிர்ந்தன. கன்னத்தின் சிவப்பு வெளுக்கிறது. இன்று தலையைத் தானே வாரிக்கொண்டாள்.

10 ஜனவரி

நகரியிலிருந்து நைனா வந்தார். ஒரு கூடை கத்தரிக்காய். ஆந்திரா-சென்னை எல்லைச் சட்டம் பேப்பரில் வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது; சத்தியவேடு ஆந்திராவுக்கு வருகிறது; நகரி இருந்த இடத்திலேயே.

"முருகன் அந்தாண்ட பூட்டாரு. இனிமே காவடி எடுத்தா ஸ்டேட் தாண்டணும். சரி, நீ இன்னா பண்ணிக்கினு கீற?"

"ரத்தம் பார்க்கிறேன் நைனா."

"பாத்து?"

கத்தரிக்காய்க் கூடையை எடுத்து உள்ளே வைத்தேன். மூன்று வாரத்துக்கு முன், அந்தச் செல்லைப் பார்த்த அன்று, பதில் தெரிந்தது போலத்தான் இருந்தது.

18 ஜனவரி

உமாபதி என்று ஒருவர் சைக்கிள் கிளிப்போடு லேபுக்குள் வந்தார். ரத்னம்மா ஊர்ப் பக்கத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர். கையில் ஒரு நீளமான பதிவேடு. பெருவியாதிக்காரர்களின் பெயர்ப் பட்டியல்.

"நாப்பத்தொண்ணாம் பேருங்க. ரத்னம்மா, புருசன் பேரு கன்னையா. பொது ஆஸ்பத்திரியில வெச்சிக்கினு கீறீங்கன்னு சேதி வந்துது. பெருவியாதிக் காலனிக்கு அனுப்பணும்."

எல்.இ. செல்லைக் காட்டினேன். கண்ணை வைத்துப் பார்த்தார். "அழகாத்தான் கீது" என்றார்.

"பெயரை அடியுங்கள்."

"எதுல அடிக்கிறது? பாருங்க, கடைசியில மூணே காலம், கோடு போட்ட கட்டம். செத்தாச்சு. ஊரை வுட்டுப் போயாச்சு. வியாதி அடங்கிப்போச்சு. 'வரவே இல்ல'ன்னு ஒரு காலம் எனக்குக் குடுக்கலியே."

கெட்டவர் இல்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். சத்தியவேடு ஆந்திராவுக்குப் போவதால் மார்ச் கடைசியில் இந்தப் பதிவேட்டை அப்படியே காப்பி எடுத்து ஆந்திராவிடம் கொடுக்க வேண்டும். இவருடைய பழைய பதிவேடு சென்னை ராஜ்யத்தோடு போய்விடும். காப்பி எடுப்பதற்குள் ஒரு சர்க்கார் டாக்டர் (ஆராய்ச்சிக்காரி என் கையெழுத்து செல்லாது) இது பெருவியாதி இல்லை என்று கையெழுத்துப் போட்டால், நாற்பத்தொன்றை எழுதாமல் விட்டுவிடுவார்.

"முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும்தான் டாக்டரம்மா. அப்புறம் அவங்களாண்ட போயி எடுன்னா, நாங்களா எழுதினோம், வந்தத வாங்கினோம்னுவாங்க. எங்களாண்ட வந்தா, அது எங்க ஊரே இல்லன்னுவோம். அந்தப் பேரு சாவுற வரைக்கும் அங்கியே குந்திக்கும்."

மாலை ரத்னம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாக முழுக்கச் சொன்னாள். மகள் பெயர் செங்கம்மா. இரண்டு வருஷமாக மாமியார் வீட்டில். இவள் களத்துமேட்டில் ஒரு குடிசையில்.

"பதிவேட்டுல பேரு கீற வரைக்கும் புள்ள கிட்ட வரக்கூடாதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாரு எம் புருசன். பேரு போனா குடுத்துடறேன்னும் சொன்னாரு. எல்லாரும் கேட்டாங்க."

20 ஜனவரி

சூபரின்டெண்டென்ட் டாக்டர் வெங்கடரமணன் ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். டிசம்பரில் இதையே பார்த்துச் சாயத்தின் கோளாறு என்று சொன்னவர், இன்று சொல்லவில்லை.

"ஒத்துக்கறேன். இந்த ஜில்லாவுலே இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. ஆனா சர்டிபிகேட்? பெருவியாதிக்காரர்களிடம் இது கிடையாதுன்னு முதல்ல காட்டு அம்மா. பத்துப் பன்னிரண்டு பேர் பாரு. பூஜ்யம்னு வரட்டும். கட்டுரையும் எழுதலாம், கையெழுத்தும் போடலாம்."

நியாயம்தான். காட்டுகிறேன்.

8 பிப்ரவரி. சித்தூர்.

ஊருக்கு வெளியே தொழுநோய்க் காலனி. பதினொரு பேர் கை நீட்டினார்கள். ஏழாவது ஆள் தோதாத்ரி. ஐம்பது வயது. முகம் முழுக்க முடிச்சு, புருவம் இல்லை. நெற்றியில் மட்டும் நாமம் ஒரு நூல் பிசகாமல்.

"வாங்கோ. கூசாம தொடறேளே, புதுசாப் படிச்சிட்டு வந்தேளோ?"

மடைப்பள்ளியில் சமையல் செய்தவராம். "புளியோதரை கிளறிண்டிருந்தேன். கை கொதிக்கிற உருளியிலே பட்டிருக்கு, எனக்குத் தெரியல்லே. வாசனை வந்துதான் பக்கத்திலே நின்னவன் கத்தினான்." சிரித்தார். "இந்த ரத்தத்தை வச்சிண்டு என்ன பண்ணுவேள்?"

"உங்களிடம் ஒரு செல் இல்லை என்று காட்டுவேன்."

"என்கிட்ட இல்லாததைத் தேடிண்டா இவ்வளவு தூரம் வந்தேள்? கேட்டிருந்தா லிஸ்ட் போட்டு அனுப்பியிருப்பேனே!"

பஸ்ஸில் பதினொரு குழாய்களும் மடியில். வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

11 பிப்ரவரி

ஒன்று முதல் ஆறு வரை: இல்லை. இல்லை. இல்லை. இல்லை. இல்லை. இல்லை.

12 பிப்ரவரி

ஏழு —

13 பிப்ரவரி

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று: இல்லை.

ஏழில் இருக்கிறது. ஐந்நூறில் இரண்டு. வழவழப்பு, ஓரத்துப் பிறை, எல்லாம். சாயத்தின் கோளாறு இல்லை. குழாய் மாறவில்லை, பெயர்ச் சீட்டைப் பத்துத் தடவை பார்த்தேன். அவருக்கு இருப்பது சந்தேகமில்லாத பெருவியாதி. அவர் ரத்தத்தில் என் செல்.

16 பிப்ரவரி

ஸ்லைடு மேஜை டிராயரில். யாரிடமும் சொல்லவில்லை.

பத்துப் பேரில் பூஜ்யம். பதினொன்று என்று யார் என்னை எழுதச் சொன்னார்கள்?

29 பிப்ரவரி. சித்தூர்.

மறுபடி ரத்தம் எடுக்கப் போனேன். தோதாத்ரி கேட்டார், சொல்லிவிட்டேன்.

"அப்போ நான் ஒருத்தன் பூராத்தையும் கெடுத்துட்டேனா? பேஷ்!" உண்மையிலேயே குஷி. "என்னைத் தள்ளிட்டா கணக்கு நேராயிடுமோ?"

"ஆகிவிடும்."

"அதொண்ணும் கஷ்டமில்லையே. எத்தனையோ பேர் தள்ளியிருக்கா. ஒருத்தருக்காவது கை வலிச்சதாத் தெரியல்லே."

ஊசியைக் குத்தி இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தேன். இரண்டாம் ஸ்லைடு நாளை. வேண்டியதில்லை. தெரியும்.

4 மார்ச்

சூபரின்டெண்டென்ட் அறை. பதினொரு ஸ்லைடையும் வரிசையாக வைத்தேன்.

ஏழாவதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவனுக்கு வேற ஏதோ கலப்பு இருக்கு. இவனை எடுத்திருக்கவே கூடாது. பத்துப் பேர், பூஜ்யம். அப்படி எழுது."

"பதினொரு பேர், ஒன்று. ஏழு இருக்கும் சார்."

"அப்போ உன் செல் சாட்சி சொல்லாது. சாட்சி சொல்லாத செல்லை நம்பி நான் கையெழுத்துப் போடணுமா? ரெண்டையும் ஒண்ணா எப்படிக் கேட்கிறாய் அம்மா?"

சரிதான். அவர் சொன்னது சரி. அதுதான் எரிகிறது.

கதவு வரை வந்தபின் கேட்டார்: "அது இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்குத் தோல் மரத்துப்போயிருக்கான்னு பார்த்தாயா? பஞ்சால தொட்டு?"

பார்க்கவில்லை.

பெருவியாதி என்றால் தோல் மரத்துப்போகும், நரம்பு தடிக்கும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும். தோதாத்ரி உருளியைப் பற்றிச் சொன்னபோது கேட்டுச் சிரித்தவள் நான். நான்கு மாதம். ரத்தம் எடுத்தேன், இடுப்பில் கட்டினேன், நசுக்கினேன், சாயம் போட்டேன். ரத்னம்மா கையை ஒரு நாள்கூடப் பஞ்சால் தொடவில்லை. புதுச் செல் இருக்கும்போது பஞ்சு எதற்கு என்று — இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை.

5 மார்ச்

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டேன். நாற்பது இடம். நாற்பதும் சொன்னாள். சூடு, குளிர்ச்சி பிரித்துச் சொன்னாள். முழங்கை நரம்பு தடிக்கவில்லை. ஆறு இடத்தில் தோலைக் கீறிப் பார்த்தோம், கிருமி இல்லை. பாலசுந்தரம் தானாகவே வந்து ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்த்தார். "லேது, இல்ல" என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த நாற்காலிய உள்ள போட்டுட்டேன் டாக்டரம்மா."

8 மார்ச்

சூபரின்டெண்டென்ட் முன் பஞ்சுப் பரிசோதனைத் தாளை வைத்தேன். படித்தார்.

"நல்லது. ரெண்டுக்கும் போடறேன். கட்டுரையிலே ஏழு வேண்டாம்."

"இப்போது கையெழுத்துக்கு அந்தச் செல்லே தேவையில்லையே சார். பஞ்சு சொல்கிறதே."

"கட்டுரையிலே என் பேர் முதல்ல வரது. உன் பேர் ரெண்டாவது. நல்லா யோசி. ஜூன்ல உன் வேலையை நீட்டிக்கவும் நான்தான் எழுதணும்."

கோபமில்லாமல் சொன்னார். யோசித்தேன். வாசலிலேயே யோசித்து முடித்துவிட்டேன். ஏழு இருக்கும்.

9 மார்ச்

ரத்னம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மறைத்து என்ன.

"ஒரு ஆளு ரத்தம்தானே? கீழ ஊத்திடு."

"அது பொய்."

"யாருக்கு?" எழுந்து நின்றாள். "ரெண்டு வருசம் டாக்டரம்மா. எம் பொண்ணு களத்துமேட்டாண்ட வரும். தூர நின்னு பாக்கும். கூப்ட்டா ஓடிடும். உன் ஏழாவது ஆளுக்கோசரம் நான் அதை வுட்றணுமா? அந்தாளு உனக்கு இன்னா, சித்தப்பனா பெரியப்பனா?"

இன்னா சொல்றது. இன்னா சொல்லுவேன் நான். அவ சொல்றதும் நெசம். அந்தாளு முகமும் நெசம். ஒருத்திய வெளிய எடுக்க ஒருத்தன உள்ள போட்டு மூடறதுக்கா நைனா நெலத்த வித்துப் படிக்க வெச்சாரு? மாட்டேன். ரெண்டு பேரையும் வுட மாட்டேன். எப்டின்னு தெரியல. வுட மாட்டேன்.

17 மார்ச்

ரத்னம்மா என்னோடு பேசவில்லை. மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

24 மார்ச்

உமாபதியிடமிருந்து கார்டு. 'சர்டிபிகேட் வரவில்லை. 30ஆம் தேதி சென்னைப் பக்கத்து மெடிக்கல் ஆபீசர் நேரில் வந்து காப்பியில் கையெழுத்திடுகிறார்.'

மூன்று தடவை படித்தேன். அவருக்கு வேண்டியது ஒரு சர்க்கார் டாக்டர். எந்த டாக்டர் என்று அவர் சொல்லவே இல்லை.

சீட்டு வேண்டாம். ஆளையே கொண்டுபோகிறேன்.

30 மார்ச்

காலை முதல் பஸ், சத்தியவேட்டுக்கு. ரத்னம்மா ஜன்னல் பக்கம். எதுவும் கேட்கவில்லை. நாகலாபுரம் தாண்டியதும், "பஞ்சு எடுத்துக்கினியா?" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

சுகாதார ஆபீஸ் ஒரு ஓட்டுக் கட்டிடம். உள்ளே மெடிக்கல் ஆபீசர், தலை நரைத்தவர், களைத்த முகம். உமாபதி காப்பியைப் பக்கம் பக்கமாக நீட்ட, அவர் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் அறுபத்துமூன்று பெயர்.

"நாற்பத்தொன்றாம் பெயரை நீங்கள் பார்க்க வேண்டும்" என்றேன்.

"ஆளைப் பாக்கணும்னு ரூல் எங்கே இருக்கு?"

"பார்க்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?"

உமாபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். அதற்குள் வாசலில் கும்பல். புருஷன் கன்னையாவும் வந்திருந்தான். முதல் தடவை பார்க்கிறேன். ஒல்லி, பயந்த கண்.

ஆபீசர் பேனாவை மூடினார். "சீக்கிரம்" என்றார்.

ரத்னம்மா தன் முந்தானையாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். நான் பஞ்சை எடுத்தேன். "நீ வேண்டாம்மா, குடு" என்று ஆபீசர் வாங்கிக்கொண்டார். அதுதான் முறை. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

"இங்க." "இங்க." "கட்ட வெரலு." "மூக்கு." "இங்க." "காது, கூசுது."

வாசலில் சத்தம் அடங்கியது. திடீரென்று ஆபீசர் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். தொடாமலே இங்க என்று சொல்கிறாளா என்று பார்ப்பதற்கு. அவள் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம்.

"இன்னா," என்றாள், "டாக்டரு தூங்கிட்டாரா?"

வாசலே சிரித்தது. ஆபீசரும். ஆனால் கன்னையா சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. ஒரு குழாயில் அது, ஒன்றில் பானைத் தண்ணீர். எட்டுக்கு எட்டு சொன்னாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். காலிலும். கிருமி இல்லை என்ற என் தாளையும் படித்தார்.

"யாரு இவளை எழுதினது?"

"எனக்கு முந்தி இருந்தவருங்க" என்றார் உமாபதி. "மூஞ்சியப் பாத்து எழுதியிருப்பாரு."

"அதுக்குக் காலம் இல்லைன்னா காப்பியில எழுதாதே. வுடு."

அவ்வளவுதான். உமாபதி அந்தப் பக்கம் முதல் மறுபடி எழுதினார். காப்பியில் நாற்பதுக்குப் பிறகு அடுத்த ஆள் வந்தார். நாற்பத்திரண்டு நாற்பத்தொன்று ஆனார்.

பழைய பதிவேட்டிலும் அடியுங்கள் என்றேன். முடியாது என்றார் ஆபீசர், அடித்து எழுத மேலிடத்து அனுமதி வேண்டும், அவர் ராத்திரிக்குள் செங்கல்பட்டு போக வேண்டும். "அப்போது அதில் பொய் இருக்கும்" என்றேன். "இருக்கும்" என்றார். நான் விடவில்லை. மீதி அறுபத்திரண்டு பேரை யார் பஞ்சால் தொட்டது என்று கேட்டேன். ஜீப்பில் ஏறும்போது மட்டும் சொன்னார்: "நாளன்னிக்கிலேருந்து அவங்க உங்க ராஜ்யம்மா. நீ தொடு."

கன்னையாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் இல்லை என்பதைக் காட்டச் சொன்னான். இல்லாததை எப்படிக் காட்டுவது? உமாபதி முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை சத்தமாகப் படித்தார். கன்னையா ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினான். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றான்.

உமாபதி என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

1 ஏப்ரல்

இன்று முதல் சத்தியவேடு ஆந்திரா. சென்னை ராஜ்யத்தில் ஏதோ ஒரு அலமாரியில் ரத்னம்மா பெருவியாதிக்காரி. இங்கே இல்லை. அவள் நிற்பது இங்கே.

15 ஜூன்

வேலையை நீட்டிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். மேஜையைக் காலி செய்தேன். பாலசுந்தரம் டீ வடிகட்டியைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

கட்டுரையை என் ஒருத்தி பெயரில் அனுப்பிவிட்டேன். லூபஸ் ஒருவர், எல்.இ. செல் உண்டு. தொழுநோய் பதினொருவர், அதில் ஒருவருக்கு உண்டு. ஆகவே இந்தச் செல்லை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யலாகாது. நான் கண்டுபிடித்தது அந்தக் கடைசி வரி.

சித்தூர் காலனியில் டாக்டர் வேலை காலி. யாரும் மனுப் போடவில்லையாம். போட்டேன்.

10 ஜூலை. சித்தூர்.

பதிவேட்டின் அறுபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேரை இதுவரை பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் உமாபதி சைக்கிளோடு கூட வருகிறார். இது அவர் வேலையே இல்லை. பத்தொன்பதில் இரண்டு பேருக்குத் தோல் மரத்துப்போகவில்லை. ஒருவருக்கு வெறும் தேமல்.

ரத்னம்மா மாத்திரைக்கு வந்தாள். இப்போது அவளோடு இருக்கும் செங்கம்மாவும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா கூப்பிட்டால் வருகிறது, ஒரு விரலால் தொடுகிறது, உடனே குழாயடிக்கு ஓடிக் கையைக் கழுவிக்கொள்கிறது. யாரும் சொல்லவில்லை. பாட்டி பழக்கியது.

"மூணு மாசமா இப்டித்தான்" என்றாள் ரத்னம்மா. "கழுவட்டும். தண்ணி இன்னா தீந்தா பூடும்."

ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

2 ஆகஸ்ட்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. 'ஒரே ஒரு நோயாளி போதாது. மேலும் ஆட்களைப் பார்க்கவும்.' பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தோதாத்ரி காலனி முழுக்கப் போய் ரத்தம் கொடுக்க ஆள் சேர்க்கிறார். "எனக்கு ஜோடி கிடைக்கற வரைக்கும் விடப்படாது" என்கிறார்.

11 செப்டம்பர்

ரத்னம்மாவுக்கு மாதாந்தரப் பரிசோதனை நாள். சிறுநீரில் லேசாக ஆல்புமின்; நோய் சிறுநீரகத்தைத் தொடுகிறது. லூபஸ் போய்விடுகிற நோய் இல்லை, அவளிடம் மறைக்கவில்லை. "சரி, அது வந்தா அதையும் பாப்போம்" என்றாள்.

காலனி கேட்டுக்குள் கன்னையா வர மாட்டான். வெளியே ரோட்டோரம் குந்தியிருந்தான். அவள் நடுவழியே, எல்லோரும் பார்க்க, உள்ளே நடந்து வந்தாள். தோதாத்ரி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "பதிவேட்டிலேருந்து வெளியே போனவா இங்கே வரப்படாதே" என்றார்.

"உன்னாலதான் ஐயிரே நான் ஒரு மாசம் டாக்டரம்மா கூட பேசல" என்றாள். உட்கார்ந்தாள்.

எப்போதும் வலது கையில்தான் ரத்தம் எடுப்பேன். அதில் ரத்தக் குழாய் நன்றாகத் தெரியும். இன்று அந்தக் கையில் செங்கம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் எடுத்தேன்.